இதயச் செயலிழப்பு: இதய அறைகளின் சுவருக்குள் என்ன நடக்கிறது?

கிளினிக் கொப்பியில் ‘ஹார்ட் பெயிலியர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் பல குடும்பங்கள் இடிந்துபோகின்றன. பெயில் என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் எங்கள் காதில் விழுகிறது. தமிழில் வழங்கும் ‘இதயச் செயலிழப்பு’ என்ற சொல்லும் அந்தப் பயத்தைக் குறைப்பதாக இல்லை. ஆனால் இந்த வருத்தத்தில் இதயம் நின்றுவிடுவதில்லை. உடலுக்குத் தேவையான அளவு குருதியை அனுப்ப முடியாமல் அது திணறுகிறது. சிலரில் அனுப்புவது சரியாகவே நடக்கும். ஆனால் அதற்காக உள்ளே அளவுக்கு மீறிய அமுக்கத்தைச் சுமக்கவேண்டியிருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு விளக்கமும் எங்களிடையே இருக்கிறது. என் பார்வையில் அதுதான் கூடுதல் ஆபத்தானது. வன்னியில் மாதாந்த கிளினிக்குகளில் நோயாளரைப் பார்த்த காலம் முழுவதும் ஒரே வசனத்தை வெவ்வேறு வாய்களால் கேட்டிருக்கிறேன்: “டொக்டர், இப்ப கால் வீக்கம் இல்லை, மூச்சும் வாங்கேல்லை. அதால குளிசையை நிப்பாட்டிப் போட்டன்.” வீக்கமும் இளைப்பும் வெளியே தெரியும் அடையாளங்கள் மட்டுமே. வருத்தம் இருப்பது இதய அறைகளின் சுவரில், அந்தச் சுவரின் இழையத்தில். அங்கே தொடங்கும் மாற்றம் மாதக்கணக்கில், சிலரில் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் நகர்ந்த பிறகுதான் கால் வீங்குகிறது. கிளினிக்கில் தரப்படும் குளிசைகளில் பெரும்பாலானவை காலுக்காக அல்ல, அந்தச் சுவருக்காகவே தரப்படுகின்றன. எது எதற்கு என்று விளங்க வேண்டுமானால் முதலில் சுவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுவர் எதனால் ஆனது

வளர்ந்த ஒருவரின் இதயம் ஏறத்தாழ 300 கிராம் எடை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 இலட்சம் தடவை துடிக்கிறது. நாங்கள் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவில் குருதியை அனுப்புகிறது. மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள் என்று பாடசாலையில் படித்திருப்போம். வலது இதயவறை பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் குருதியை அனுப்புவதால் அதன் சுவர் சில மில்லிமீற்றர் தடிப்புத்தான். இடது இதயவறை தலை முதல் கால் வரை அனுப்புகிறது. அதன் சுவர் 1 சென்ரிமீற்றர் வரை இருக்கும். இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த இடது இதயவறையில் நடப்பது.

சுவரின் கனஅளவில் பெரும்பங்கு தசைக்கலங்கள். ஆனால் எண்ணிக்கையில் பார்த்தால் மற்றக் கலங்கள்தான் கூட: குருதிக்குழாய்களின் உட்படைக் கலங்கள், நார்களை உற்பத்தி செய்யும் நாரரும்பர்க் கலங்கள். நாரரும்பர்கள் கொலாஜன் என்ற புரதத்தால் மெல்லிய வலையொன்றைப் பின்னி வைத்திருக்கின்றன. வேலியில் கதியால்களை வரிச்சு சேர்த்துப் பிடிப்பதுபோல இந்த வலை தசைக்கலங்களை வரிசை குலையாமல் பிடிக்கிறது. வரிச்சு இல்லாவிட்டால் வேலி சரியும். அதற்காக வேலி முழுவதையும் வரிச்சாலேயே அடைத்துவிட்டால் அது அசையாது. இந்த வருத்தத்தில் இரண்டும் நடக்கிறது.

தோல் வெட்டுப்பட்டால் புதுத்தோல் வளர்கிறது, ஈரல் வெட்டுப்பட்டால் ஈரல் வளர்கிறது. இதயத் தசைக்கு அந்த வசதி மிகக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதை அளந்த விதமே ஒரு தனிக்கதை. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளால் வளிமண்டலத்தில் காபன்-14 அளவு திடீரென்று கூடியது. 1963இல் ஒப்பந்தம் வந்ததன் பின் மெல்லக் குறைந்தது. அந்தக் காபன் உணவு வழியாக எல்லோருடைய கலங்களுக்குள்ளும் போய், ஒவ்வொரு கலமும் பிறந்த வருடத்தை முத்திரை குத்தியதுபோல் பதித்துவிட்டது. ஸ்ரொக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் பிரிசேன் என்பவரின் குழு இறந்தவர்களின் இதயக் கலங்களில் அந்த முத்திரையை வாசித்து 2009இல் முடிவை வெளியிட்டது. 25 வயதில் வருடத்துக்கு 1 வீதம் தசைக்கலங்கள் புதிதாகின்றன. 75 வயதில் அது அரை வீதத்துக்கும் குறைவு. உலகை அழிக்கச் செய்த ஆயுதம் இப்படி ஒரு கணக்கைச் சொல்லித் தந்திருக்கிறது. அந்தக் கணக்கின்படி, இழந்த இதயத் தசை பெரும்பாலும் இழந்ததுதான்.

இறந்த தசையும் தழும்பும்

இதயவறை மாறத் தொடங்குவதற்கு மிகத் தெளிவான காரணம் மாரடைப்பு. இதயத்துக்கே குருதி கொடுக்கும் முடியுரு நாடியொன்று அடைபட்டால், அது ஊட்டிய தசைப்பகுதி அரை மணி நேர அளவில் இறக்கத் தொடங்கும். பெரிய மாரடைப்பொன்றில் சில மணி நேரத்துக்குள் 100 கோடி வரையான தசைக்கலங்கள் போகக்கூடும். இடது இதயவறையில் மொத்தமாக இருப்பதே சில நூறு கோடிதான்.

அடுத்த சில நாட்களில் வெண்குருதிக் கலங்கள் வந்து இறந்தவற்றை அகற்றுகின்றன. சுவர் மிகப் பலவீனமாக இருக்கும் நாட்கள் அவை. பிறகு நாரரும்பர்கள் வந்து கொலாஜனை இறக்குகின்றன. 6 முதல் 8 வாரங்களில் உறுதியான தழும்பு உருவாகிவிடும். எறிகணைச் சிதறல் பட்ட காயம் ஆறிய இடத்தைத் தடவிப் பார்த்தவர்களுக்கு தழும்பு எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அது உறுதியானது, ஆனால் இழுபடாது. பக்கத்துத் தோலைப்போல் வேலை செய்யாது. இதயத்திலும் அதேதான். தழும்பு இல்லாவிட்டால் சுவர் கிழிந்துவிடும் என்பதால் அது உயிர்காக்கும் ஒட்டு. ஆனால் அது சுருங்காது.

அதனால் மிச்சமிருக்கும் நல்ல தசைமீது சுமை ஏறுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறாமல் தங்கும் குருதி கூடக்கூட அறை விரிகிறது. விரிந்த அறையின் சுவர் அதே அமுக்கத்தை உண்டாக்க முன்னரைவிடக் கூடுதலாக இழுக்கவேண்டும். அறையின் ஆரை கூட, சுவரின் இழுவிசையும் கூடும் என்பது எளிய பௌதிகம். கூடுதலாக இழுபடும் கலங்கள் நீளமாக வளர்கின்றன, சுவர் மெலிகிறது, அறை இன்னும் விரிகிறது. முட்டை வடிவில் இருந்த இதயவறை பந்து வடிவுக்குப் போகிறது. பந்து வடிவில் மைற்றல் வால்வைக் கீழிருந்து பிடித்திருக்கும் தசைத்தூண்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதால் வால்வு முழுவதும் மூடாமல் குருதி பின்னே ஒழுகும். வால்வில் பழுதில்லை, அதைப் பிடித்திருக்கும் அறைதான் உருமாறிவிட்டது. எக்கோ றிப்போட்டில் ‘வால்வு லீக்’ என்று கண்டு வால்வை மாற்றவேண்டுமா என்று கேட்பவர்கள் பலர். சிலருக்கு வேண்டும், இவ்வகையினரில் பலருக்கு அறை சுருங்கினால் ஒழுக்கும் குறையும்.

ஒருமுறை ஏற்பட்ட காயம், காயம்படாத தசையையும் மெல்ல உருமாற்றுகிறது என்பதை 1980களில் பொஸ்ரனில் எலிகளில் தெளிவாகக் காட்டியவர்கள் ஜனிஸ் பெபர், மார்க் பெபர் தம்பதியினர். மாரடைப்பு உண்டாக்கப்பட்ட எலிகளில் தழும்பின் அளவுக்கேற்ப இதயவறை மாதக்கணக்கில் விரிந்துகொண்டே போனது. கப்ரோபிரில் கொடுத்த எலிகளில் அந்த விரிவு குறைந்தது. அதன் பின் மனிதர்களில் 2231 பேருடன் நடந்த ஆய்வு 1992இல் வெளிவந்தது. மாரடைப்பால் இதயவறை பலவீனப்பட்டு, ஆனால் இதயச் செயலிழப்பின் வெளிக்குறிகள் இல்லாதவர்களுக்கு அதே மருந்தைக் கொடுத்ததில் இறப்பு 19 வீதம் குறைந்திருந்தது. குறி தெரிய முன்னரே சுவரைக் காப்பது உயிரைக் காக்கும் என்பதற்கு அது பெரிய சான்று.

எங்கள் பக்கத்துக்கு இதில் ஒரு தனி வேதனை உண்டு. அடைபட்ட நாடியை மருந்தாலோ குழாய்ச் சிகிச்சையாலோ முதல் சில மணி நேரத்துக்குள் திறந்தால் தழும்பு சிறிதாகும். 2006 ஓகஸ்ற்றில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு வன்னியில் நெஞ்சு நொந்த எத்தனை பேருக்கு அந்த மணித்தியாலங்கள் கிடைத்திருக்கும்? ஈசிஜியில் பழைய மாரடைப்பின் அடையாளத்தைக் கண்டு “எப்ப நெஞ்சு நொந்தது?” என்று கேட்டால் சிலர் திகதி சொல்வதில்லை. “மாத்தளனில இருக்கேக்க ஒருக்கா நொந்து வேர்த்தது, பங்கருக்குள்ளயே கிடந்தன்” என்பார்கள். பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நெஞ்சு நோவைக் கவனிக்க யாருக்கு முடிந்தது? அந்தத் தழும்பைச் சுற்றியிருந்த தசை அதன் பின் வந்த வருடங்களெல்லாம் கூடுதல் சுமை சுமந்திருக்கிறது. 40களிலோ 50களிலோ அப்படியொரு நோவை அனுபவித்து, ஒருபோதும் எக்கோ எடுத்துப் பார்க்காதவர்கள் இப்போதாவது அதைக் கிளினிக்கில் சொல்லவேண்டும். மூச்சு வாங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

தடிக்கும் சுவர்

மற்றப் பாதை உயர் குருதியமுக்கம். இங்கே தசை இறப்பதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் அமுக்கத்துக்கு எதிராகத் தள்ளவேண்டியிருப்பதால் கலங்கள் பருமனாகின்றன. கயிற்றில் புரிகளைக் கூட்டினால் தடிக்கும், நுனியில் முடிச்சுப் போட்டு இணைத்தால் நீளும். மாரடைப்புக்குப் பின் கலம் நீளுகிறது என்றால் பிறஷரில் அது தடிக்கிறது. சுவர் 12, 13 மில்லிமீற்றருக்கும் மேலே போகும். உள்ளறை விரியாது, சிறுத்தும் போகலாம்.

தடித்த தசை பலமான தசை என்று நினைக்கத் தோன்றும். தொடக்கத்தில் அது உண்மையும்கூட. ஆனால் கலம் பருக்கும் வேகத்துக்கு மயிர்க்குழாய்கள் வளர்வதில்லை. கலத்தின் நடுப்பகுதிக்கு ஒட்சிசன் போய்ச்சேரும் தூரம் கூடுகிறது. இடையில் கொலாஜன் வலையும் தடிக்கிறது. சுவர் விறைத்துப்போவதால் துடிப்புக்குத் துடிப்பு அறை தளர்ந்து நிரம்புவது கடினமாகிறது. நீரிழிவு, உடற்பருமன், முதுமை ஆகியவையும் சுவரை இதே திசையில் தள்ளுகின்றன. இவர்களில் பலர் பெண்கள். எக்கோவில் இதயம் நன்றாகச் சுருங்குவதாக, 60 வீதம் என்று எழுதப்பட்டிருக்கும். படியேறினால் மூச்சு வாங்கும். “ரிப்போட் நோமல், அம்மாவுக்கு மனப்பிரமை” என்று வீட்டார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மனப்பிரமை அல்ல. சுருங்கும் பலம் குறையாமலும் இதயச் செயலிழப்பு வரும்; உலகில் இந்த நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்த வகையினர். முட்டு, தொய்வு என்று நினைத்து வருடக்கணக்கில் பம் அடித்துக்கொண்டிருந்தவர்களும் இவர்களுள் உண்டு.

மதுவால் கெடும் இதயம் மாரடைப்பு வகையைப்போல் விரியும். கசிப்பானாலும் சாராயமானாலும் இதயத் தசைக்கு வேறுபாடு தெரியாது. முற்றாக நிறுத்தினால் கணிசமாகத் திரும்பிவரக்கூடிய வகை இது என்பதால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

உடலின் தப்புக்கணக்கு

இனிச் சொல்லப்போவதே இந்த வருத்தத்தின் மையம்.

காயம்பட்டு ஒருவர் குருதி இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாடிகளில் அமுக்கம் விழுகிறது. கழுத்திலும் பெருநாடியிலும் இருக்கும் உணரிகள் அதை உடனே மூளைக்கு அறிவிக்கின்றன. நரம்புகள் நோரட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கிறது. சிறுநீரகம் தனக்கு வரும் குருதி குறைந்ததைக் கண்டு ரெனின் என்ற பொருளை வெளிவிடுகிறது. அதன் தொடர்ச்சியாக அஞ்சியோரென்சின் உருவாகிக் குருதிக்குழாய்களை இறுக்குகிறது. அல்டோஸ்ரெரோன் வந்து உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், காயத்தோடு கைகளில் தூக்கிச் செல்லப்பட்டு உயிர் தப்பிய எங்கள் ஆட்களில் பலர் இன்று இருந்திருக்க மாட்டார்கள்.

இதயம் பலவீனப்பட்டாலும் நாடிகளில் ஓட்டம் குறைகிறது. ஆனால் உணரிகளுக்குக் குருதி குறைந்தது மட்டுமே தெரியும், காரணம் தெரியாது. குருதி வெளியே போகிறது என்று உடல் கணக்குப் போடுகிறது. அதே அவசரநிலைப் பிரகடனம். காயத்தில் அது சில மணி நேரமோ சில நாட்களோ நீடித்து அடங்கும். இங்கே அது வருடக்கணக்காகத் தொடர்கிறது. விளைவு சுவரில் தெரியும். ஓயாத நோரட்ரினலின் தசைக்கலங்களுக்கே நஞ்சாகி அவற்றைச் சிறுகச்சிறுகக் கொல்கிறது. அஞ்சியோரென்சினும் அல்டோஸ்ரெரோனும் அமுக்கத்தையும் நீரையும் கூட்டுவதோடு நிற்காமல், நாரரும்பர்களை நேரடியாகத் தூண்டி, காயமே படாத இடங்களிலும் கலங்களுக்கு நடுவே கொலாஜனை இறக்க வைக்கின்றன. வேலி முழுவதும் வரிச்சு அடைக்கும் வேலை இதுதான். மாரடைப்பின் தழும்பு ஓரிடத்தில் இருக்கும். இந்த நார்ப்பெருக்கம் சுவர் முழுவதும் பரவும். மின்துடிப்பு சீராகப் பரவுவதைக் குழப்பித் திடீர் மரணத்துக்கும் வழிவிடும்.

கலத்துக்குள்ளும் ஒழுங்கு குலைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கல்சியம் வெளிவந்து கலத்தைச் சுருக்கி, மீண்டும் களஞ்சியத்துக்குள் இழுக்கப்படவேண்டும். அந்த இழுக்கும் பம்பி மந்தமாகிறது; சுருக்கமும் தளர்ச்சியும் இரண்டுமே தாமதிக்கின்றன. எரிபொருளை எரிக்கும் இழைமணிகள் சோர்கின்றன. கருவில் இருந்தபோது வேலை செய்து பின் அடங்கிப்போன மரபணுக்கள் சில மறுபடி விழிக்கின்றன. நெருக்கடியில் இதயம் குழந்தைப் பருவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்வேன்.

மேலறைகளின் பங்கு

கீழறை விறைத்தாலும் விரிந்தாலும் அமுக்கம் பின்னோக்கி இடது சோணையறைக்குப் போகும். சோணையறையின் சுவர் மெல்லியது, அதனால் இலகுவில் விரியும். விரிந்த சுவரிலும் நார் படிகிறது. மின்துடிப்பு ஒழுங்காகப் பரவ வழியில்லாமல் சிதறி, துடிப்பு தாறுமாறாகிறது. அப்படித் தாறுமாறாகத் துடிக்கும் சோணையறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அங்கே தேங்கும் குருதி கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம். நெஞ்சு ‘படபட’ என்று ஒழுங்கில்லாமல் அடிக்கிறது என்று சொல்பவருக்கு ஈசிஜி எடுப்பதும், குருதி உறையாமலிருக்கக் குளிசை தருவதும் இதற்காக.

இதே சோணையறைதான் இதயத்துக்கு ஆதரவாகவும் நிற்கிறது. 1981இல் கனடாவில் அடொல்போ டி போல்ட் எலிகளின் சோணையறைச் சாற்றை வேறு எலிகளுக்கு ஏற்றியபோது அவை உப்பையும் நீரையும் வேகமாகச் சிறுநீரில் வெளியேற்றின. இதயம் வெறும் பம்பியல்ல, ஓமோன் சுரக்கும் உறுப்பும்கூட என்பது அன்றுதான் உறுதியானது. சுவர் இழுபடும்போது இதயவறையும் இதேபோன்ற ஓமோன் ஒன்றைச் சுரக்கிறது. பிஎன்பி என்ற குருதிப் பரிசோதனை அளப்பது அதைத்தான். சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதை ஒரு துளிக் குருதியில் வாசிக்கிறோம்.

எக்கோ றிப்போட்டைப் பார்க்கும்போது

நான்கு விடயங்களைத் தேடுங்கள். ஈஎப் என்பது நிரம்பிய குருதியில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு. அது 100 ஆக ஒருபோதும் இருக்காது. 50களிலிருந்து 70 வரை வழமையானது, 40ம் அதற்குக் கீழும் தெளிவான பலவீனம். ‘35 வீதம்தான் இதயம் வேலை செய்யுது’ என்று கலங்குபவர்கள் சுகதேகிக்கே 60 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அடுத்தது இடது இதயவறை விரிந்த நிலையில் அதன் அகலம்: ஆண்களில் 58, பெண்களில் 52 மில்லிமீற்றர் வரை வழமை. மூன்றாவது சுவரின் தடிப்பு. நான்காவது இடது சோணையறையின் அளவு. 40 மில்லிமீற்றர் அளவுக்குள் இருக்கவேண்டும். ஒரு றிப்போட்டைவிட, இரண்டு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு றிப்போட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதிகம் சொல்லும். பழையதை எறியாதீர்கள்.

சுவர் திரும்புமா?

தழும்பு திரும்பாது. ஆனால் தழும்பைச் சுற்றியுள்ள தசையின் உருமாற்றம் பெருமளவு திரும்பக்கூடும். கடந்த 50 வருட இதய மருத்துவத்தின் பெரிய கண்டுபிடிப்பு இது.

சுவீடனின் கோதன்பேர்க் நகரில் பின் வாக்ஸ்ரைனும் சகாக்களும் 1975இல் ஏழு நோயாளரைப் பற்றி எழுதினார்கள். கடுமையாகப் பலவீனப்பட்ட இதயத்துக்கு, அட்ரினலினைத் தடுத்து இதயத்தை மெதுவாக்கும் பீற்றா தடுப்பு மருந்தைக் கொடுத்ததில் அவர்கள் தேறியிருந்தார்கள். களைத்த இதயத்தை மேலும் மெதுவாக்குவதா என்று அக்கால வைத்தியர்கள் பலர் ஏற்கவில்லை. பெரிய ஆய்வுகள் வர 1999 ஆனது. பைசோபுரோலோல், மெற்றோபுரோலோல் இரண்டும் தனித்தனி ஆய்வுகளில் இறப்பை 34 வீதம் குறைத்தன. ஓயாமல் அடிக்கப்பட்ட மாட்டுக்கு ஓய்வு கொடுத்ததுபோல, சில மாதங்களில் விரிந்த அறை சுருங்கத் தொடங்குகிறது.

அஞ்சியோரென்சினைத் தடுக்கும் மருந்துகளின் மூலம் ஒரு பாம்பு. பிரேசிலின் ஜரராக்கா விரியனின் நஞ்சு மனிதரின் குருதியமுக்கத்தை விழுத்துவதை ஆராய்ந்த வழியில்தான் கப்ரோபிரில் பிறந்தது. 1981இல் பாவனைக்கு வந்தது. அதே குடும்பத்து எனலாப்ரிலை மிக முற்றிய நிலையிலிருந்த 253 பேரில் சோதித்து 1987இல் முடிவு வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் மருந்தில்லாத பிரிவில் 44 வீதமானோர் இறந்தார்கள், மருந்தெடுத்த பிரிவில் 26 வீதம். வரட்டு இருமல் வருகிறதென்று இதைத் தாங்களே விட்டுவிடுபவர்கள் உண்டு. இருமலைச் சொன்னால் லொசாட்டன் போன்ற ஒன்றுக்கு மாற்றித் தருவார்கள். அல்டோஸ்ரெரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலக்ரோனும், அண்மைக்கால வரவான டாபாகிளிப்ளோசின் வகையும் இந்தச் சுவர்காக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவையே. டாபாகிளிப்ளோசின் நீரிழிவுக்கு வந்த மருந்து. நீரிழிவு இல்லாதவருக்கும் இதயத்துக்காக எழுதப்படலாம், குழம்ப வேண்டாம்.

புரூசமைட் வேறு. அது நீரை இறக்கும். இரண்டு நாளில் கால் வற்றும், இரவில் படுக்க முடியும். கண்ணுக்குத் தெரியும் வேலை என்பதால் எங்கள் ஆட்களுக்கு அதன்மேல்தான் மதிப்பு. ஆனால் சுவரில் நடக்கும் மாற்றத்தை அது திருப்புவதில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் வேலை செய்பவற்றை நிறுத்திவிட்டு, புரூசமைட்டை மட்டும் வாங்கிப் போடுவதுதான் நான் அதிகம் காணும் விபரீதம்.

ஈஎப் வழமைக்கு வந்துவிட்டால் நிறுத்தலாமா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். விரிந்த இதயம் குளிசைகளால் முற்றாகத் தேறியவர்கள் 51 பேரைக் கொண்டு பிரித்தானியாவில் நடந்த ஆய்வு அது. படிப்படியாகக் குளிசையை நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் வருத்தம் திரும்பியது. தொடர்ந்து எடுத்த 26 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. வைத்தியர்களின் கண்காணிப்பில் நிறுத்தியவர்களின் கதையே இது.

எங்களுக்கென்று சில

உடலில் சிதறல்களோடும் பொய்க்கால் உராயும் நோவோடும் வாழ்பவர்கள் நாளாந்தம் டைக்குளோபினாக், இபுபுரோபன் போடுவதைப் பார்க்கிறேன். இவை சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கும். புரூசமைட், எனலாப்ரில் இரண்டின் வேலையையும் மழுங்கடிக்கும். இதயச் செயலிழப்பு உள்ளவர் இவற்றைக் கடையில் கேட்டு வாங்கக்கூடாது. நோவுக்கு பரசிட்டமோல் முதல் வேறு வழிகள் உண்டு, அதைக் கிளினிக்கில் பேசவேண்டும். காலை இழந்தவர்களுக்கு இதய நோயும் கூடுதல் என்பதை இரண்டாம் உலகப்போரில் அங்கமிழந்த அமெரிக்கப் படையினரைப் பின்தொடர்ந்து 1980இல் வெளியான ஆய்வு காட்டியிருந்தது; முழங்காலுக்கு மேலே இழந்தவர்களில் இது தெளிவாகத் தெரிந்தது. அவர்களுக்குப் பிறஷரும் சீனியும் ஒழுங்காகப் பார்க்கப்படவேண்டும்.

மனக்காயம் இதயத்தைக் கெடுக்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஆம். அமெரிக்க முன்னாள் படையினரில் போருக்குப் பின்னான மனவடு உள்ளவர்களுக்கு இதயச் செயலிழப்பு கூடுதலாக வந்ததை ஆய்வுகள் காட்டுகின்றன. ஜப்பானியர் 1990இல் விவரித்த ‘தகொற்சுபோ’ இன்னும் நேரடியானது: திடீர் அதிர்ச்சியில் அட்ரினலின் வெள்ளமாகப் பாய்ந்து, நாடி அடைபடாமலே இதயவறையின் நுனி செயலற்று ஒக்ரோபஸ் பிடிக்கும் பானைபோல் ஊதிவிடுகிறது. 2004 நீகாற்றா நிலநடுக்கத்தின் பின் இது கூடுதலாகக் காணப்பட்டது. பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறுகிறார்கள். வருடக்கணக்கான துயரம் அப்படிச் சில வாரத்தில் போவதில்லை. நித்திரையில்லாமை, பதற்றம் பற்றியும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதுவும் இதயத்தின் விடயம்தான்.

உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் உள்ள ஒரு சாப்பாட்டில் அது முடிந்துவிடும். எனலாப்ரிலும் ஸ்பைரனோலக்ரோனும் சேர்த்து எடுப்பவர்கள், முக்கியமாகச் சிறுநீரகம் பழுதானவர்கள், இளநீரைத் தாராளமாகக் குடிக்கக்கூடாது. அதிலுள்ள பொற்றாசியம் குருதியில் கூடி இதயத் துடிப்பையே குழப்பும்.

காலையில் எழுந்து சலம் கழித்த பின், சாப்பிட முன், எடை பாருங்கள். மூன்று நாட்களுக்குள் 2 கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். கால் வீங்கும்வரை காத்திராமல் அன்றே போய்க் காட்டவேண்டும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலர் இருந்த குளிசையைப் பாதியாக உடைத்து இரண்டு மாதத்துக்கு இழுத்தார்கள். மறுபடி அப்படி வந்தால் கொப்பியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள். ஒரே வகையில் வேறு மருந்து இருக்கும், அதற்கு மாற்றி எழுதலாம். பைசோபுரோலோல், கார்விடிலோல் போன்றவற்றை மட்டும் ஒருபோதும் ஒரே நாளில் நிறுத்தவேண்டாம்.